"நாளைக்குப் பார்க்கலாம்" என்பவரோடு: வீடியோவழி மறுவாழ்வுப் பயிற்சிக்கு வீட்டார் துணைநிற்பது எப்படி?

அரிசி டின்மேல் ஐபேட், அது சாயாமல் இருக்க ஒரு பருப்பு டப்பா. எங்கள் வீட்டில் அப்பாவின் மறுவாழ்வுப் பயிற்சி இப்படித்தான் தொடங்கியது. பக்கவாதத்தில் வலப்பக்கம் தளர்ந்து, சமூக மருத்துவமனையில் ஆறு வாரம் இருந்துவிட்டு ஈசூன் வீட்டுக்கு வந்திருந்தார். வாரம் இரண்டு முறை சிகிச்சையாளர் திரையில் வருவார், நான் அப்பாவின் பின்னால் நிற்பேன். முதல் இரண்டு வாரம் மனுஷர் வேர்க்க விறுவிறுக்கச் செய்தார். மூன்றாவது வாரம், "இன்னிக்கு வேணாம்மா, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அந்த நாளை வர நான்கு மாதம் ஆனது.

நான்கு மாதமும் கெஞ்சினேன், அதட்டினேன், பேரன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டாமா என்று உருக்கினேன், பக்கத்து புளோக் மாமா எப்படி நடக்கிறார் பாருங்கள் என்று ஒப்பிட்டேன். ஒவ்வொன்றும் அவரை இன்னும் கொஞ்சம் கட்டிலோடு ஒட்டியது. ஊக்கம் என்பது பேசி ஊட்டுகிற பொருள் என்று நினைத்திருந்தேன். செய்ய வேண்டிய வேலை கைக்கடக்கமாக இருந்து, அது எதற்கு என்றும் தெரிந்தால், அது பாட்டுக்கு வரும் என்று புரிய நாளாயிற்று.

இந்த வழிகாட்டி பக்கவாதம், நுரையீரல் நோய், இதயத் தளர்ச்சி, பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நோயோடு வீட்டிலிருந்தபடி பயிற்சி செய்பவர்களின் குடும்பத்துக்கானது. சிங்கப்பூரில் 2017லேயே உடம்பில் சென்சர் கட்டிக்கொண்டு வீட்டிலேயே பயிற்சி செய்யும் திட்டம் வந்துவிட்டது. கொவிட் காலத்துக்குப் பிறகு வீடியோ சிகிச்சை சாதாரணமாகிவிட்டது. ஆனாலும் கணக்கு இதுதான்: வாரம் இரண்டு முறை 45 நிமிடம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். வாரத்தில் இருப்பதோ 168 மணி நேரம். மிச்சமெல்லாம் வீட்டார் பொறுப்பு.

முதல் படி: அந்த "வேணாம்" எதனால் என்று கண்டுபிடியுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். "வேணாம்" ஒரே சொல்தான், அதற்குப் பின்னால் ஏழெட்டுக் காரணங்கள் இருக்கலாம். வலி இருக்கலாம். குளியலறையில் ஒருமுறை சறுக்கிய பயம் இருக்கலாம். ராத்திரி தூக்கம் இல்லாமல் இருக்கலாம். ஏதாவது மாத்திரை மந்தமாக்கலாம். சொன்னது புரியாமல், புரியவில்லை என்று சொல்லவும் கூச்சமாக இருக்கலாம்.

"ஏன் செய்யமாட்டேங்கிறீங்க?" என்று நேராகக் கேட்காதீர்கள். அது விசாரணை மாதிரி இருக்கும், பதிலும் "ஒண்ணுமில்லே" என்றுதான் வரும். "இருக்கறதுலயே எந்தப் பயிற்சி ரொம்பக் கடுப்படிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். முகத்துக்கு முகம் பார்க்காத நேரமாக இருந்தால் நல்லது: டாக்சியில் பின்சீட்டில், வெங்காயம் உரிக்கும்போது, காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது.

எண்ணெய் தேய்த்த ஒரு ராத்திரிதான் அப்பா வாய் திறந்தார். "அந்தப் பொண்ணு முன்னாடி கைலியோட நிக்க வேண்டியிருக்கும்மா. வாயோரம் எச்சி வழியறது எனக்கே அந்தச் சின்னக் கட்டத்துல தெரியுது." நான்கு மாதப் போராட்டத்துக்கும் காரணம் இவ்வளவுதான். தேக்காவில் இலாஸ்டிக் வைத்த டிராக் பேன்ட் இரண்டு வாங்கினேன். திரையில் தன் படம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி ஸூமில் இருக்கிறது, அதை அழுத்தினேன். தோளில் ஒரு பூத்துவாலை. அடுத்த வெள்ளிக்கிழமை அவராகவே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

எல்லார் வீட்டிலும் இவ்வளவு சுலபமாக முடியாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாட்டில் ஆசையின்மை, காலையிலேயே விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பது, பிடித்த சீரியல்கூட வேண்டாம் என்பது, காரணமில்லாத அழுகை ஆகியவை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. மூளையில் சில இடங்கள் அடிபட்டால் ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கும் திறனே மங்கிவிடும். அவருக்குச் சோகம் இருக்காது, கோபமும் இருக்காது, சும்மா உட்கார்ந்திருப்பார். வீட்டார் சோம்பேறித்தனம் என்பார்கள். அவரிடம் "செய்யலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பார். கேட்காமல் துவாலையைக் கையில் கொடுத்து முதல் அசைவை நீங்கள் கூடச் செய்தால் மீதியைச் செய்துவிடுவார்.

இரண்டாம் படி: இலக்கு அவர் வாயிலிருந்து வரட்டும்

சிகிச்சையாளர் எழுதிய இலக்கு: துணையின்றி 50 மீட்டர் நடப்பது. சரியான இலக்குதான், அப்பாவுக்கு அதில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை. ஐம்பது மீட்டர் நடந்து எங்கே போவது?

அவருக்கு வேண்டியிருந்தது, சனிக்கிழமை காலை கோப்பிக்கடையில் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஒரு கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி. (சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து கோசோங்தான், அதில் ஒரு சலிப்பு அவருக்கு.) அதைச் சொன்னதும் நான் போய் எண்ணிவிட்டு வந்தேன். வாசலிலிருந்து மின்தூக்கிக்கு 22 காலடி. கீழ்த்தளத்திலிருந்து கூரையிட்ட நடைபாதை வழியாகக் கடைக்கு 140 காலடி. நடுவில் இரண்டு பெஞ்சு, ஒரு சிறிய மேடு. சிகிச்சையாளரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்ததும் பயிற்சியே மாறியது. மேட்டுக்காகத் தாழ்ந்த பலகையில் ஏறி இறங்குவது, மின்தூக்கிக்குள் திரும்பி நிற்கப் பின்னோக்கி இரண்டடி வைப்பது, கோப்பிக் குவளைக்காகப் பிளாஸ்டிக் கப்பில் பாதித் தண்ணீரோடு கையைத் தூக்குவது. முன்பு செய்த அதே அசைவுகள்தான் பெரும்பாலும். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருந்தது.

நுரையீரல் நோய் உள்ள என் அத்தைக்கு வேண்டியிருந்தது தலையைத் தானே பின்னிக்கொள்வது. கையைத் தலைக்குமேல் தூக்கினாலே மூச்சு முட்டும் நோய் அது. மருமகளிடம் சீப்பை நீட்டுவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

பெரிய ஆசையைச் சொன்னால் "அதெல்லாம் இப்ப எப்படி" என்று வெட்டாதீர்கள். தைப்பூசத்துக்கு நடந்தே போக வேண்டும் என்றால், அதில் இந்த மாதம் முடிகிற துண்டு எது என்று சேர்ந்து தேடுங்கள். பால்குடம் பிடிக்கிற கைக்கு இன்று ஒரு காலிச் சொம்பு போதும்.

மூன்றாம் படி: ஒரே பயிற்சிக்கு மூன்று அளவு

"தினமும் 30 நிமிடம்" என்ற ஒரே அளவு வைத்தால், முடியாத முதல் நாளே எல்லாம் உடைந்துவிடும். சிகிச்சையாளரிடம் மூன்று அளவு கேட்டு வாங்குங்கள். நல்ல நாளுக்கு முழுப் பயிற்சி, சுமாரான நாளுக்குப் பாதி, மோசமான நாளுக்கு இரண்டு நிமிடத்தில் முடிவது ஒன்று. அப்பாவின் மோசமான நாள் அளவு: கட்டில் விளிம்பிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. எந்த அளவு என்று முடிவுசெய்வது அவர். நீங்கள் அல்ல. இதில் கறாராக இருங்கள்.

நேரத்தை ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். காலைக் கோப்பிக்குப் பிறகு, அல்லது ஒலி 96.8இல் செய்தி முடிந்ததும். மதிய வெயிலில் சமையலறைப் பக்கம் புழுங்கும், அந்த நேரம் வேண்டாம். இன்சுலின் போடுபவராக இருந்தால் வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

எங்கள் முதல் வீடியோ நேரம் திங்கட்கிழமை காலை 8.45. அப்பா நாள்காட்டியைக் காட்டி, ராகு காலம் என்றார். நான் இதெல்லாம் ஒரு காரணமா என்று பாய்ந்தேன். இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு 10.30க்கு மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். கடைசியில் அதைத்தான் செய்தேன்.

எல்லாரையும் தள்ளக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கொவிட்டுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீளும் களைப்பு, நாள்பட்ட களைப்பு நோய் ஆகியவற்றில் சிலருக்கு அளவு மீறி உழைத்தால் அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடித்துப்போட்டாற்போல் விழுவார்கள், எழ நாள்கணக்கில் ஆகும். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2021இல் நாள்பட்ட களைப்பு நோய்க்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையைக் கைவிட்டது இதனால்தான். இவர்களிடம் "இன்னும் ஒரு அஞ்சு" என்று சொல்வது ஊக்கப்படுத்தல் ஆகாது, அது தீங்கு. தெம்பாக இருக்கும் நாளிலும் பாதியில் நிறுத்தக் கற்பிப்பதே அவர்களுக்கான பயிற்சி. பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருந்தது என்று ஒரு வரி குறித்துவைத்து, சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

மற்றவர்களுக்குப் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு: பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் செய்யலாம். பேச்சே திணறினால் நிறுத்துங்கள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று சிகிச்சையாளர்கள் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் கேட்பார்கள், பெரும்பாலும் மூன்று நான்கு போதும் என்பார்கள். நுரையீரல் நோயாளிக்கு மூச்சு வாங்கினால், மூக்கால் இழுத்து, கொதிக்கிற ரசத்தை ஊதுவதுபோல் உதடு குவித்து மெல்ல விடச் சொல்லுங்கள். எங்கள் அத்தைக்கு ஆங்கிலத்தில் எத்தனை தடவை சொல்லியும் வராதது, ரசம் என்றதும் வந்துவிட்டது.

நெஞ்சுவலி, திடீர் மயக்கம், முகம் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது: உடனே ஆம்புலன்ஸுக்கு 995. நாளைய வீடியோ வரை காத்திருக்காதீர்கள்.

நான்காம் படி: இடம்

சக்கரம் இல்லாத, கை வைத்த நாற்காலி. முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும். கேமரா இடுப்பு உயரத்தில், பாதம் வரை தெரியும் தூரத்தில். ஜன்னலுக்கு எதிரே உட்கார்த்தினால் சிகிச்சையாளருக்கு நிழல்தான் தெரியும், அதனால் வெளிச்சம் முகத்தில் விழட்டும். தரை துடைப்பது பயிற்சி முடிந்தபின். எங்கள் வீட்டுப் பணிப்பெண் காலையில் மாப் போட்டுவிட்டுப் போன ஈரத்தில் ஒருநாள் உயிர் போய் உயிர் வந்தது.

நீங்கள் நிற்க வேண்டியது தளர்ந்த பக்கம், அரையடி பின்னால். தடுமாறினால் தளர்ந்த கையையோ அக்குளையோ பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இடுப்புப் பட்டையைப் பிடிப்பது எப்படி என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடாக இருந்தால் மூத்தோருக்கான மேம்பாட்டுத் திட்டத்தில் குளியலறைக் கைப்பிடி, சறுக்காத தரை ஆகியவற்றைப் பெரும்பகுதி மானியத்தோடு போட்டுத் தருவார்கள். விழும் பயம் குறைந்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

ஐந்தாம் படி: நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் கவனத்துக்கு

சிகிச்சையாளர் ஆங்கிலம், அப்பா தமிழ், நடுவில் நான். ஒருநாள் அவர் நிதானமாக ஏதோ சொன்னார். நான் சொன்னது: "நேரா நில்லுங்கப்பா, எத்தனை தடவை சொல்றாங்க!" அந்த இரண்டாம் பாதியை அவர் சொல்லவே இல்லை. என் எரிச்சலை அந்தப் பெண்ணின் வாயில் போட்டு அப்பாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவோ அவர் தன்னைத் திட்டுகிறார் என்று நினைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அடிக்கடி வரும் கட்டளைகளுக்குத் தமிழ் வரிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். "உடம்பு பாரத்தை இடது காலுக்குக் கொடுங்க." "தொப்புளை முதுகுப் பக்கம் இழுங்க." "குதிகால் முதல்ல பதியட்டும்." சிகிச்சையாளரே ஐந்தாறு சொற்களைக் கற்றுக்கொண்டார். அவர் "மெதுவா அங்கிள்" என்றதும் அப்பா "பெலான் பெலான்" என்று மலாயில் பதில் சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் அவர்கள் இருவரும் எப்படியோ பேசிக்கொள்ளட்டும், நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள். பக்கவாதத்தால் சொற்களே புரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பு பயன்படாது. செய்துகாட்டுங்கள், எதிரில் உட்கார்ந்து கூடவே செய்யுங்கள்.

பாராட்டிலும் ஒரு அளவு வேண்டும். எதற்கெடுத்தாலும் "சூப்பர்" என்று கைதட்டினால், எழுபது வயதுக்காரருக்குத் தன்னைக் குழந்தையாக்குகிறார்கள் என்றுதான் தோன்றும். பார்த்ததைச் சொல்லுங்கள்: "நேத்து கதவைப் பிடிச்சீங்க, இன்னிக்குப் பிடிக்கலே." கேள்வியையும் மாற்றலாம். "செய்யலாமா?" என்பதற்குப் பதில், "நின்னு செய்றது முதல்லயா, உட்கார்ந்து செய்றதா?"

ஆறாம் படி: முன்னேற்றத்தைக் கண்ணில் காட்டுங்கள்

ஆமைவேகத்தில் வரும் முன்னேற்றம், தினமும் உடன் இருப்பவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. மளிகைக் கடையில் கொடுத்த சாமி பட மாத நாள்காட்டியைக் கட்டிலருகே மாட்டினோம். முழுப் பயிற்சிக்கு வட்டம், பாதிக்குக் கோடு, இரண்டு நிமிடத்துக்குப் புள்ளி. குறி போடுவது அப்பா, அதுவும் தளர்ந்த வலக்கையால். முதல் மாத வட்டங்கள் நசுங்கிய பலாக்கொட்டை மாதிரி இருக்கும். மூன்றாம் மாதத்தில் கோடு முனையில் வந்து சேர்ந்துவிட்டது. அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சம்மதித்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே அசைவைப் பத்து விநாடி படம் பிடித்துவையுங்கள். 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணலாம், மாதம் ஒருமுறை மட்டும். தினமும் எண்ணினால் தினமும் ஏமாற்றம். ஹெல்தி 365 செயலியின் காலடிக் கணக்கைக் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். 162 காலடி நடந்து வெற்றி கண்டவருக்குப் பத்தாயிரத்தைக் காட்டுவது கொடுமை.

தடங்கல் வரும், அதற்கும் ஒரு திட்டம்

பக்கவாதத்தில் வேகமான மீட்சி முதல் மூன்று மாதத்தில். பிறகு வேகம் தணியும். வீட்டார் "இதுக்குமேல வராது போல" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வது அவர் காதில் விழும். ஆனால் அதற்குப் பிறகும் பயிற்சியால் அன்றாட வேலைகள் கைகூடிக்கொண்டே வரும். மெதுவாக வரும், அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் அதே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வதும் சலிப்பு. ஒன்றிரண்டை மாற்றித் தரும்படி சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

காய்ச்சல், மறுபடி மருத்துவமனை, தீபாவளி வாரம் என்று பயிற்சி நிற்கும். திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள், புள்ளியிலிருந்து தொடங்குங்கள். "இவ்ளோ நாள் செஞ்சதெல்லாம் வீணாப் போச்சு" என்ற வாக்கியம் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம்.

குடும்பம் மட்டும் போதாது

மகள் சொன்னால் கேட்காதவர், தன்னைப்போல் கைத்தடி பிடித்தவர் சொன்னால் கேட்பார். 1996இல் தொடங்கிய சிங்கப்பூர் தேசியப் பக்கவாதச் சங்கம் மீண்டவர்களையும் பராமரிப்பாளர்களையும் ஒன்றுசேர்க்கிறது. புளோக் கீழேயே மூத்தோர் கூடும் துடிப்பாக மூப்படைதல் நிலையம் இருந்தால், நடக்க முடிகிற நாளில் கூட்டிப்போங்கள், வெறுமனே உட்கார்ந்திருக்கவாவது. ஜோகூரிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் தம்பி வீடியோவில் வந்து கூடவே கை தூக்கினால் அதுவும் ஒரு கூட்டம்தான்.

இல்லப் பணிப்பெண்ணைக் காவல்காரி ஆக்காதீர்கள். "தாத்தா செய்தாரா" என்று சாயங்காலம் அவரை விசாரித்தால், அவருக்கும் தாத்தாவுக்கும் நடுவில் பகைதான் வளரும். ஒரு வீடியோ நேரத்தில் அவரையும் உட்காரவைத்து, சிகிச்சையாளரே கற்றுத்தரட்டும்.

உங்களுக்கும் ஓய்வு வேண்டும். அதை நான் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டேன். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060இல் அழைத்தால், தற்காலிகப் பராமரிப்பு, பயிற்சி, மானியங்கள் பற்றிச் சொல்வார்கள். குளிப்பது, உண்பது, நடமாடுவது போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றுக்காவது எப்போதும் துணை தேவைப்படுபவர் வீட்டுக்கு இல்லப் பராமரிப்பு மானியம் உண்டு. வருமானத்தைப் பொறுத்து மாதம் 400 வெள்ளி வரை என்று 2023இல் உயர்த்தினார்கள். இப்போதைய தொகையை அந்த எண்ணிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

"நான் இருந்து என்ன புண்ணியம்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னால், பயிற்சியை ஒதுக்கிவிட்டு அதைக் கவனியுங்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் 1767 எண்ணில் பேச ஆள் இருக்கிறார்கள். பராமரிப்பவர் நெஞ்சடைத்துப் போகும் ராத்திரிக்கும் அதே எண்தான்.

இந்த வாரமே தொடங்குவதானால்

இன்று ராத்திரி காலுக்கு எண்ணெய், அந்த ஒரு கேள்வி. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி. ஆசை என்ன என்று தெரிந்ததும் அதன் வழியை நடந்து எண்ணி, சிகிச்சையாளருக்கு அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் மூன்று அளவைக் கேட்டு வாங்குங்கள். நாள்காட்டியும் பேனாவும் அவர் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். முதல் வாரம் முழுக்கப் புள்ளிகளாகவே இருந்தாலும், அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் கோப்பி கலக்கப் போங்கள்.